ஃபாரின் சாமான் (1957–2001)

நம் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளில் பூட்டுப் போட்டு வளர்க்கப்பட்ட ஃபாரின் சாமான், 2001 ஏப்ரல் 1 அன்று காலமானது. வயது 44. நோய் வெகுநாளாகவே இருந்தது. கடைசிப் பத்து வருடம் படுக்கைதான். மரணத்துக்கு முதல்நாள் டெல்லியில் மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன் ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையை வெளியிட்டார். மிச்சமிருந்த 715 வகைப் பொருட்களின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதாக அறிவித்தார். அதற்கப்புறம் வரியைக் கட்டுகிறவர் ஏறக்குறைய எதையும் இறக்கலாம் என்றாயிற்று. வெளிநாட்டுப் பொருட்கள் கடைகடையாக நிறைந்தன. ஃபாரின் சாமான் மட்டும் இல்லாமல் போனது.

இறந்தவரைத் தெரியாத ஒரு தலைமுறை வந்துவிட்டதால் அறிமுகம் தேவைப்படுகிறது. வெளிநாட்டில் செய்யப்பட்ட எல்லாப் பொருளும் ஃபாரின் சாமான் ஆகிவிடாது. கோயம்புத்தூர் மில்லுக்கு அரசு அனுமதியோடு வந்த சுவிஸ் யந்திரத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வரக்கூடாது என்று சட்டம் சொல்லியும் வந்து சேர்ந்த பொருளுக்குத்தான் அந்த மரியாதை. சீக்கோ கைக்கடிகாரம், நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், ஜப்பான் நைலக்ஸ் சேலை, கோடாலித் தைலம், 555 சிகரெட், யார்ட்லி பவுடர். கடலோர முஸ்லிம் ஊர்களில் சபுராளி என்பார்கள், கடல் கடந்து பிழைத்துத் திரும்புகிறவரை. அவர் வந்து இறங்கிய வீட்டில் பெட்டி பிரிக்கும் நாள் ஒரு சின்னக் கல்யாணம். கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கியதும் சோப்பும் தைலமும் புதுத் துணியும் கலந்து ஒரு வாசனை கூடம் முழுக்கப் பரவும். அந்த சோப்பை யாரும் குளிக்க எடுத்துவிட மாட்டார்கள். உறை பிரிக்காமல் பட்டுச் சேலை மடிப்புகளுக்கு நடுவே வைத்துவிடுவார்கள், வருஷக்கணக்கில் மணக்கட்டும் என்று. டேப் ரெக்கார்டருக்குத் தையல்காரரிடம் அளவு கொடுத்து உறை தைத்து, ஓரத்தில் லேஸ் வைப்பார்கள். பாட்டு கேட்கும் நேரத்தைவிட அதைத் துடைக்கும் நேரம் அதிகம்.

அத்தனை பக்தியும் பொருளின் தரத்தால் வந்ததா? கொஞ்சம் வந்திருக்கலாம். பெரும்பகுதி டெல்லியில் ஓர் அலுவலகத்தில் தயாரானது.

1947-இலேயே இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆரம்ப வருடங்களில் கெடுபிடி குறைவு. யுத்த காலத்தில் பிரிட்டனுக்கு நாம் கொடுத்த சரக்குக்கும் சேவைக்குமான பாக்கி, ஸ்டெர்லிங் இருப்பாக லண்டனில் கிடந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் என்று உருக்காலைகளுக்கு யந்திரம் இறக்கத் தொடங்கியதும் அந்த இருப்பு மளமளவென்று கரைந்தது. 1957-இல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். யந்திரம் வரலாம், கச்சாப்பொருள் கேட்டால் வரலாம், வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் வரக்கூடாது. அப்போது நிதியமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1928-இல் சென்னையில் விநியோக வியாபாரம் தொடங்கி, லீவர் கம்பெனியின் சோப்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். சீமை சோப்பைத் தென்னாட்டு வீடுகளுக்குப் பழக்கியவர் காலத்திலேயே சீமைச் சரக்குக்குக் கதவு சாத்தப்பட்டது. அவர் குடும்ப நிறுவனமும் பிற்பாடு விநியோகத்தோடு நிற்காமல் பிரெஸ்டீஜ் குக்கர் செய்யும் தொழிலுக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கு அந்தக் குக்கரையே பதிலாகக் காட்டுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. கோவையின் பம்ப் செட்டும் பாடியின் பிரேக்கும் வளர்ந்தது அதே வேலிக்குள்தான்.

வேலி போட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலிக்குக் காவலாக யாரை வைத்தார்கள், அவர் யாரிடம் என்ன கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார் என்பதில்தான் வழக்கு.

அன்றைய நடைமுறை இப்படி: ஒரு தொழிற்சாலைக்கு வெளிநாட்டு உதிரிபாகம் வேண்டுமென்றால், அது அத்தியாவசியம் என்று ஒரு சான்று வேண்டும். உள்நாட்டில் கிடைக்கவில்லை என்று இன்னொரு சான்று வேண்டும். இரண்டாவதைக் கொடுப்பது டி.ஜி.டி.டி. என்று மூன்று தலைமுறைத் தொழிலதிபர்கள் பயபக்தியோடு உச்சரித்த தொழில்நுட்ப மேம்பாட்டுத் தலைமை இயக்ககம். உள்நாட்டில் யாராவது ஒருவர் அந்தப் பாகத்தைச் செய்வதாகச் சொல்லிவிட்டால் போதும், விலை மூன்று மடங்கானாலும் வாரத்தில் உடைந்தாலும் இறக்குமதி கிடையாது. இதற்குமேல் ஒரு விநோதம். யந்திரங்களின் கொள்ளளவைப் பார்த்து லைசென்ஸைப் பங்கிட்டார்கள். அதனால் இருக்கிற யந்திரம் பாதி நேரம் சும்மா கிடந்தாலும் இன்னொன்று வாங்கிப் போடுவது லாபம். கொள்ளளவு கூடினால் லைசென்ஸ் கூடும். லைசென்ஸைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சரக்கு பாதி விலையில் வந்ததுபோலத்தான். மூலதனம் அரிதான ஏழை நாட்டில் மூலதனத்தைச் சும்மா துருப்பிடிக்க விட்டவனுக்குப் பரிசு!

ஆன் க்ரூகர் என்ற பொருளியலாளர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் கணக்குப் போட்டார். 1964-இல் இந்தியாவில் இப்படி அரசு அனுமதிகளில் இருந்து மட்டும் கிடைத்த ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம், அதில் பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸ்களுடையது. அந்த ஆதாயம் சும்மா கைமாறவில்லை. அதைப் பிடிப்பதற்காக டெல்லியில் ஆள் வைத்து, விருந்து கொடுத்து, கோப்பைத் தள்ளி, கொள்ளளவைப் பெருக்கிச் செலவழித்த உழைப்பும் சேர்ந்து வீணாயிற்று. தயாரிப்பில் கெட்டிக்காரனாக இருந்து சம்பாதிப்பதைவிடக் கோப்பு நகர்த்துவதில் கெட்டிக்காரனாக இருந்தால் அதிகம் சம்பாதிக்கலாம் என்றால் புத்திசாலிப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?

அரசியல் எங்கே நுழைந்தது என்பதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று. புதுச்சேரி வட்டாரத்து வணிகர்கள் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் கொடுக்கும்படி 21 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனு மத்திய அரசுக்குப் போனது. லைசென்ஸும் கிடைத்தது. 1974-இல் விஷயம் நாடாளுமன்றத்தில் வெடித்தபோது, பெரும்பாலான உறுப்பினர்கள் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் துல்மோகன் ராம் மீது வழக்கு வந்தது. சபை நாள்கணக்கில் ஸ்தம்பித்தது. ஒரு வியாபாரி சரக்கு இறக்குவதற்கு எம்.பி.யின் கையெழுத்து எதற்கு என்ற கேள்வி மட்டும் அந்த அமளியில் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. அது அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

லைசென்ஸ் கிடைக்காத சாமானியனுக்கு என்ன வழி? சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு வழி இருந்தது, பர்மா பஜார். அதை இன்னொரு நாட்டின் வர்த்தகக் கொள்கைதான் பெற்றுப் போட்டது.

யுத்தத்துக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசிக்குப் பின்னால் நகரத்தார் கடன் இருந்தது, தமிழ்க் கூலிகளின் முதுகு இருந்தது. 1930-களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மியர்களுக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளில் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். கல்லாவும் சரக்கும் அரசுக்குச் சொந்தம், இனி அது மக்கள் கடை. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சிலர் இந்தியா வந்து பொறுக்காமல் மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு.

சென்னைக்கு வந்தவர்களுக்கு 1969-இல் துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் இடம் ஒதுக்கினார்கள். கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுத்தான் தொடங்கினோம் என்று அங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். தட்டுமுட்டு தீர்ந்தபோது எதிரே கப்பல் நின்றது. மாலுமி கொண்டுவந்த சட்டை, டிரான்சிஸ்டர், சென்ட் பாட்டில். பிறகு குருவிகள் வந்தார்கள். வியாபாரி டிக்கெட் எடுத்துக் கொடுக்க, சிங்கப்பூர் போய் இரண்டு நாளில் திரும்பி, அனுமதித்த அளவுக்கு ஒரு பெட்டியும் அனுமதிக்காத அளவுக்கு உடம்பைச் சுற்றியும் கொண்டுவருகிறவர்களுக்கு அந்தப் பெயர். 1977-இல் ஜெயவர்தனா இலங்கையின் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் கொழும்புப் புறக்கோட்டையிலும் நம் ஆட்கள் மொய்த்தார்கள். தங்கம் தனிக்கதை. ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக மூட்டை தூக்கிய ஹாஜி மஸ்தானை லட்சாதிபதியாக்கியது தங்கக் கட்டுப்பாடுதான். 1974-இல் காஃபிபோசா என்ற கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. நம் சினிமா வில்லன்களுக்கு அதனால் இருபது வருடம் பஞ்சமில்லாமல் பிழைப்பு நடந்தது.

பர்மா பஜாரில் வாங்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆயிரம் சொன்னால் இருநூறில் ஆரம்பிக்க வேண்டும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திட்டு விழும். கண்ணெதிரே ஓடிய டேப் ரெக்கார்டரை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். தாம்பரத்தில் இறங்கிப் பிரித்தால் உள்ளே செங்கல் இருக்கும். போலீசில் சொல்ல முடியாது. வாங்கியதே குற்றம்! ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விரிவு சொல்வார்கள். சட்டம் நுழையாத சந்தையில் உத்தரவாதமும் நுழையாது.

இந்தப் பஜார் இருக்கும் சாலையை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். ஒரு முனையில் ரிசர்வ் வங்கி, அந்நியச் செலாவணியின் காவலாளி. இன்னும் வடக்கே போனால் சுங்க மாளிகை. துறைமுகம் எதிரே. நடுவில் நடைபாதையில் கடத்தல் சரக்கு, பட்டப்பகலில். சாலையின் பெயர் ராஜாஜி சாலை.

லைசென்ஸ் பர்மிட் ராஜ் என்ற பெயரை இந்த ஏற்பாட்டுக்குச் சூட்டியவர் அதே ராஜாஜி. 1952-இல் சென்னை முதலமைச்சராக வந்த கையோடு உணவு ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள்; பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் 1959-இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருக்கிற கட்சிக்கு அனுமதி வேண்டுகிறவன் நன்கொடை தருவான், அந்தப் பணத்தில் அது மறுபடி ஜெயிக்கும் என்பது அவர் வாதம். இது பொருளாதாரத்தைப் பற்றிய வாதமே இல்லை, தேர்தலைப் பற்றியது. அவரைப் பணக்காரர்களின் வக்கீல் என்று தள்ளிவிட்டோம். அதில் பாதி நம் பிழை என்றால், மீதிப் பாதி அவருடையது: ராஜா மகாராஜாக்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏழைக்கும் இதில் நஷ்டம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

திறந்த சந்தைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று இந்த இடத்தில் எழுதி முடிப்பது சுலபம். தென்கொரியாதான் இடிக்கிறது. அங்கும் ஃபாரின் சாமான் மோகம் இருந்தது, நம்மைவிடக் கடுமையாக. அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து கசிந்த சாமான்களுக்கு சியோலில் தனிச் சந்தையே நடந்தது. வெளிநாட்டு சிகரெட் பிடிப்பது 1980-களின் பிற்பகுதி வரை அங்கே குற்றம். ஜப்பான் கார், ஜப்பான் டிவியின் இறக்குமதிக்கு இருந்த தடை 1999-இல்தான் முழுதாக நீங்கியது. வேலி அவர்களுக்கும் உண்டு. 1961-இல் ராணுவப் புரட்சியில் வந்த பார்க் சுங் ஹீ, வேலிக்குள் இருந்த முதலாளிகளை மாதந்தோறும் கூட்டி உட்காரவைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: போன மாதம் எவ்வளவு ஏற்றுமதி? சொன்னதைச் செய்யாதவனுக்கு வங்கிக் கடன் வறண்டது. 1964-இல் 10 கோடி டாலர் ஏற்றுமதியைத் தொட்டதற்கே விழா எடுத்த நாடு, 1977-இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. 1940-களின் இறுதியில் உலக ஏற்றுமதியில் 2 சதவீதத்துக்குமேல் இருந்த நம் பங்கோ 1980-களில் அரை சதவீதம்.

பார்க்கும் நே வின்னும் ஒரு வருடத்துக்குள் முன்னும் பின்னுமாகத் துப்பாக்கியோடு வந்த தளபதிகள். ஒருவர் கடைக்காரர்களைக் கப்பலேற்றினார், அடுத்தவர் அவர்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார். அரிசி விற்ற பர்மா 1987-இல் மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டத்தை ஐ.நா.விடம் கேட்டு வாங்கியது. ஆகவே சர்வாதிகாரம் வளர்ச்சி தரும் என்ற டீக்கடை வாதமும் எடுபடாது. நாம் தேர்தல் நடத்தினோம், பத்திரிகை நடத்தினோம், மனிதர்களைக் கப்பலேற்றவில்லை. அதற்காகத் தலை நிமிரலாம். ஆனால் வேலிக்குள் இருந்தவனிடம் எதையும் கேட்கவில்லை, எத்தனை வருடத்துக்கு வேலி என்றும் சொல்லவில்லை. பொறுக்க முடியாத அலட்சியம் அது. வாக்காளர்களான நாமும் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பத்து வருடம் காத்திருந்தோம், குருவியிடம் கடிகாரம் வாங்கினோம், சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கடத்தல் கடிகாரத்துக்குப் பதில் சொல்லும் யோசனை சுங்க இலாகாவுக்கு வரவில்லை. தமிழக அரசின் டிட்கோவுக்கும் டாட்டாவுக்கும் வந்தது. 1984-இல் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஓசூரில் டைட்டன் என்று குவார்ட்ஸ் கடிகாரம் செய்து இறக்கினார்கள். ரெய்டு வைத்துப் பிடிக்க முடியாத சீக்கோவை ஓசூர்ப் பெண்களின் கை பிடித்தது.

மற்றபடி கடைசிக் காலம் தெரிந்த கதை. 1991-இல் செலாவணி வற்றி, தங்கத்தை லண்டனுக்கு விமானமேற்றி அடகு வைத்தோம். ஜூலையில் வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம் தொழிற்சாலைகளுக்கான இறக்குமதி லைசென்ஸில் பெரும்பகுதியை ஒழித்தார்; நிதியமைச்சர் மன்மோகன் சிங் உச்ச இறக்குமதி வரியை 150 சதவீதத்துக்கு இறக்கினார். வீட்டுச் சாமான்களை மட்டும் விட்டுவைத்தார்கள், செலாவணித் தட்டுப்பாடு என்ற பழைய காரணத்தைச் சொல்லி. கையிருப்பு பெருகிய பிறகும் அதே காரணத்தைச் சொன்னோம். அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1999-இல் ஜெயித்தது. ஆக இந்த விலங்கின் கடைசிக் கண்ணியை அறுத்தது நம் நாடாளுமன்றமோ நம் வாக்காளரோ இல்லை. ஜெனீவாவில் ஒரு தீர்ப்பாயம். மரணத்தில் எனக்கு வருத்தமில்லை. அந்த விதத்தில் நேர்ந்ததுதான் வருத்தம். கேட்காமல் வந்த சீர்திருத்தத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டும் போய்விடலாம்.

இறந்தவருக்கு வாரிசு உண்டா? பர்மா பஜார் இருக்கிறது. செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிறது. பின்பக்கத் தெருவில் பர்மா நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் சூடாகக் கிடைக்கின்றன. உலகத்தின் மிக விலையுயர்ந்த போன்களில் ஒன்றை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நம் ஊர்ப் பெண்கள் பூட்டி அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014-இல் வரித் தகராறுக்கு நடுவே மூடப்பட்டதையும் மறக்க வேண்டாம். தொழிற்சாலை வருவதும் போவதும் கூலியை மட்டும் பார்த்து நடப்பதில்லை.

வேலியும் மெல்லத் திரும்புகிறது. 2020 ஜூலையில் கலர் டிவி இறக்குமதிக்கு லைசென்ஸ். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டருக்குத் தடை. கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டிக்காரர்கள் நெடுநாள் கேட்டது. அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களின் பிழைப்பை நினைத்தால் அதை எதிர்க்க எனக்கு நா எழவில்லை. ஆனால் எத்தனை வருடத்துக்கு, அதற்குள் தீப்பெட்டித் தொழில் என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை.

2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்க லைசென்ஸ் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கூச்சல் எழவே மறுநாள் தள்ளிவைத்தார்கள். நவம்பர் 1 முதல் அதற்குப் பதிலாக ஆன்லைனில் முன் அனுமதி. முதலில் 2024 செப்டம்பர் வரை என்றார்கள். பிறகு டிசம்பர் வரை என்றார்கள். பிறகு 2025-க்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.